மாதவிடாய் குணத்தை மாற்றுகிறதா? வாசகர் கேள்விகளும் மருத்துவர் பதில்களும்

சென்ற இதழில் மாதவிடாய் வலியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வலியை விட்டு மனநிலைக்குத் தாவியிருக்கின்றன. அந்த நாட்களில் பெண்ணின் கோபமும் அழுகையும் உடம்பிலிருந்து வருகின்றனவா, பழக்கவழக்கத்திலிருந்து வருகின்றனவா என்பதைத்தான் கணவர்களும் மாமியார்களும் மாணவிகளும் வெவ்வேறு விதமாகக் கேட்டிருக்கிறீர்கள். எனவே இந்த இதழில் அந்தக் கடிதங்களை மட்டுமே எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவற்றில் ஒன்று அவசரமானது. அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: எனக்கு வயது 24. மாதவிடாய் வருவதற்கு ஏழெட்டு நாள் இருக்கும்போதே நான் வேறு ஆளாகிவிடுகிறேன். காரணமில்லாமல் அழுகை வருகிறது. எல்லோர் மேலும் எரிச்சல். யாருக்கும் என்னைப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் விடாமல் துரத்துகிறது. சில மாதங்களில் செத்துவிடலாம் என்றுகூடத் தோன்றிவிடுகிறது. ரத்தப்போக்கு தொடங்கி ஓரிரு நாளில் எல்லாம் தானாகச் சரியாகிவிடுகிறது. அம்மாவிடம் சொன்னால், 'எல்லாப் பொம்பளைக்கும் உள்ளதுதான்' என்கிறார். எனக்குப் பைத்தியம் பிடிக்கிறதா டாக்டர் அம்மா? (வாசகி, திருப்பூர்)

பதில்: இல்லை மகளே, உனக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. ஆனால் உன் அம்மா சொல்வதுபோல் இது எல்லாப் பெண்களுக்கும் உள்ளதும் இல்லை. சாக வேண்டும் என்ற எண்ணம் மறுபடியும் வந்தால், அது இரண்டு நாளில் போய்விடும் என்று காத்திருக்காதே. வீட்டில் நீ நம்பும் ஒருவரிடம் உடனே சொல்லிவிடு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலோ, 104 என்ற எண்ணிலோ எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் கிடையாது. அதன்பிறகு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிகள் பிரிவுக்குப் போ. மற்ற விளக்கங்களை அப்புறம் நிதானமாகப் படித்துக்கொள்ளலாம்.

நீ எழுதியிருக்கும் வரிசையைப் பார்த்தால், மாதவிடாய்க்கு முந்தைய மனநிலைக் கோளாறாக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். மருத்துவர்கள் இதைச் சுருக்கமாக பி.எம்.டி.டி. என்பார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013-இல் இதைத் தனி நோயாகச் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புதிய நோய்ப் பட்டியலிலும் இது இருக்கிறது. அந்தக் கையேட்டின் கணக்குப்படி நூறு பெண்களில் ஏறத்தாழ இரண்டு முதல் ஆறு பேர் வரை இதற்கு ஆளாகிறார்கள். மாதவிடாய்க்கு முன் லேசாக எரிச்சல்படுவது, மார்பகம் கனப்பது, இனிப்புக்கு ஏங்குவது போன்றவை இன்னும் பல பெண்களுக்கு உண்டு. அவற்றை இதோடு சேர்க்கக் கூடாது.

இது எப்படி வருகிறது என்பதும் ஓரளவு தெரிந்திருக்கிறது. கருமுட்டை வெளியேறிய பிறகு சினைப்பையில் எஞ்சும் திசு, புரோஜெஸ்டிரான் என்ற ஹார்மோனை ஏறத்தாழ இரண்டு வாரம் சுரக்கிறது. கரு உண்டாகாவிட்டால் அந்தச் சுரப்பு சடசடவென்று குறைந்து ரத்தப்போக்கு தொடங்குகிறது. புரோஜெஸ்டிரானின் ஒரு பகுதி மூளையில் அலோபிரெக்னனலோன் என்ற பொருளாக மாறும். பெரும்பாலோருக்கு அது மனத்தை அமைதிப்படுத்தும், சிலருக்கோ அதன் ஏற்ற இறக்கமே பதற்றத்தைக் கிளப்பிவிடுகிறது. அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மாதவிடாய்க்கு முன் கடுமையாகத் துன்பப்படும் பெண்களுக்கும், அப்படி எந்தத் தொல்லையும் இல்லாத பெண்களுக்கும் சினைப்பைச் சுரப்பை மருந்தால் நிறுத்திவிட்டு, பிறகு ஹார்மோன்களைத் திரும்பக் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் பிரிவினருக்கு மட்டும் பழைய துன்பம் திரும்பி வந்தது. இரண்டாம் பிரிவினருக்கு அதே ஹார்மோன் ஒன்றும் செய்யவில்லை. ஆகவே உன் உடம்பில் ஹார்மோன் கூடுதலாகவோ குறைவாகவோ சுரக்கிறது என்று நினைக்க வேண்டாம். எல்லோருக்கும் உள்ள அதே சுரப்புக்கு உன் மூளை வேறுவிதமாக எதிர்வினை காட்டுகிறது. மன உறுதி இருந்தால் வென்றுவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதே.

மருத்துவரிடம் போகும்போது கையில் ஒரு நோட்டு இருக்கட்டும். ரத்தப்போக்கு தொடங்கும் நாளை 1 என்று குறித்துக்கொண்டு, ஒவ்வோர் இரவும் படுக்கப்போகும் முன் அழுகை, எரிச்சல், பதற்றம், தூக்கம் ஆகிய நான்குக்கும் தனித்தனியே ஒன்று முதல் ஆறு வரை மதிப்பெண் போடு. அன்று வீட்டிலோ வேலையிலோ நடந்த முக்கியமான சங்கதியையும் ஒரு வரியில் எழுதிவை. இரண்டு சுழற்சிகளுக்கு இது வேண்டும். விட்டுப்போன நாட்களை நினைவிலிருந்து நிரப்பாதே. நினைவு நம்மை ஏமாற்றும் என்பதை அடுத்த கடிதத்தில் விளக்கியிருக்கிறேன். மாதம் முழுவதும் மனம் சோர்ந்திருந்து மாதவிடாய்க்கு முன் அது மோசமானால் அது வேறு நோயாக இருக்கலாம், சிகிச்சையும் மாறும். தைராய்டு, ரத்தசோகை இரண்டுக்கும் பரிசோதனை செய்துவிடுவார்கள். 15 முதல் 49 வயதுக்குட்பட்ட இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பு சொல்கிறது. ரத்தசோகையால் வரும் களைப்பையும் சிடுசிடுப்பையும் மனநோய் என்று எண்ணிவிடக் கூடாது. பி.எம்.டி.டி. என்று உறுதியானால் செரட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் சார்ந்த மனச்சோர்வு மாத்திரைகள் பெரும்பாலோருக்கு நல்ல பலன் தருகின்றன. சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். அதை மருத்துவர் தீர்மானிக்கட்டும். மருந்துக்கடையில் நேரடியாகக் கேட்டு வாங்காதே.

கேள்வி: திருமணமாகி ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மாதத்தில் சில நாட்கள் என் மனைவி சின்ன விஷயத்துக்கும் சண்டை பிடிக்கிறார். ஹார்மோன்தான் என்று எண்ணி நான் எதற்கும் பதில் பேசுவதில்லை. 'மூன்று நாள் கழித்துப் பேசிக்கொள்ளலாம்' என்று சொன்னால் கோபம் இன்னும் கூடுகிறது. எப்படிச் சமாளிப்பது? (வாசகர், நாமக்கல்)

பதில்: தம்பி, மனைவியின் உடல்நிலையைப் புரிந்துகொள்ள நினைக்கும் உங்கள் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் நீங்கள் நாட்களைக் கணக்கு வைக்கும் விதத்தில் ஒரு குழப்பம் இருக்கிறது. ஹார்மோனால் மனம் கலங்குபவர்களுக்குக் கலக்கம் வருவது ரத்தப்போக்கு தொடங்குவதற்கு முந்தைய வாரத்தில். ரத்தப்போக்கு தொடங்கியதும் அது வடிந்துவிடும். நம் வீடுகளில் பெண்ணின் பேச்சைத் தள்ளிவைக்கும் 'அந்த மூன்று நாட்கள்' அதற்குப் பிறகு வருகின்றன. அந்த நாட்களில் வயிற்றுவலியும் அசதியும் இருக்கலாம். வலியோடு இருப்பவர் சற்றுக் கடுப்பாகத்தான் பேசுவார். பல்வலிக்காரரும் அப்படித்தான் பேசுவார், அதற்காக அவர் சொல்வது எல்லாம் பல்வலி பேசுவது என்று நாம் தள்ளிவிடுவதில்லை.

இரண்டாவதாக, ஒரு சண்டை மாதவிடாயை ஒட்டி வந்தால் நமக்கு அது நினைவில் நிற்கிறது. மற்ற நாட்களில் வந்த சண்டை மறந்துபோகிறது. அமெரிக்காவில் டயான் ரூபிள் என்ற உளவியலாளர் 1977-இல் ஒரு சோதனை நடத்தினார். மாதச் சுழற்சியின் ஒரே கட்டத்தில் இருந்த கல்லூரிப் பெண்களில் சிலரிடம் 'உங்களுக்கு இன்னும் ஓரிரு நாளில் மாதவிடாய் வரும்' என்றும், மற்றவர்களிடம் 'இன்னும் பல நாட்கள் ஆகும்' என்றும் சொல்லிவைத்தார். சீக்கிரம் வரும் என்று நம்பவைக்கப்பட்டவர்கள்தாம் உடம்பு உப்பியிருப்பது முதலான தொல்லைகளை அதிகமாகச் சொன்னார்கள். கனடாவில் 1988-இல் வெளியான மற்றோர் ஆய்வில் பெண்களோடு ஆண்களும் தினசரி மனநிலைக் குறிப்பு எழுதினார்கள். மனநிலையின் ஏற்ற இறக்கத்தில் இரு பாலாருக்கும் வேறுபாடு தெரியவில்லை. மாதவிடாய்ச் சுழற்சியைவிட வாரத்தின் கிழமைகளை ஒட்டித்தான் மனநிலை அதிகம் மாறியது. ஆனால் அதே பெண்களிடம் பின்னர் நினைவிலிருந்து கேட்டபோது, மாதவிடாய்க்கு முந்தைய நாட்கள் மோசமாக இருந்தன என்றார்கள். இப்படி அன்றன்று குறித்துவைத்த 47 ஆய்வுகளை 2012-இல் ஒருசேரப் பரிசீலித்தார்கள். மாதவிடாய்க்கு முந்தைய கட்டத்தில் மட்டும் மனம் வாடுவதாகக் காட்டியவை அவற்றில் ஏழு மட்டுமே.

இதனால் உங்கள் மனைவிக்கு ஒன்றும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அவரைப் பார்க்காமல் அப்படிச் சொல்லவும் கூடாது. சண்டை எதைப் பற்றி வருகிறது என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை என்பதைத்தான் கவனித்தேன். மாமியார் பேச்சா, பணமா, வீட்டு வேலை முழுவதும் ஒருவர் தலையில் விழுவதா? மற்ற நாட்களில் விழுங்கிக்கொண்ட வார்த்தை, பொறுமை குறையும் நாளில் வெளியே வந்துவிடுகிறது என்று பல பெண்கள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அப்படியானால் பொறுமை குறைந்ததற்கு வேண்டுமானால் ஹார்மோனைச் சொல்லலாம். மனக்குறைக்கு அதைச் சொல்ல முடியாது. 'மூன்று நாள் கழித்துப் பேசலாம்' என்று சொல்லிவிட்டு, நான்காம் நாள் நீங்களாகவே அந்தப் பேச்சை எடுத்திருக்கிறீர்களா? இல்லையென்றால் இனிமேல் எடுத்துப் பாருங்கள். முந்தைய கடிதத்தில் சொன்ன நோட்டை அவர் விரும்பினால் எழுதட்டும். உங்களுக்கும் ஒரு நோட்டு வைத்துக்கொண்டு உங்கள் எரிச்சலை நீங்களும் எழுதுங்கள். இரண்டு மாதம் கழித்து இரண்டையும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: எனக்கு 68 வயது. எங்கள் காலத்தில் மூன்று நாளும் கொல்லைப்பக்க அறையில் தனிப் பாய், தனித் தட்டு என்று ஒதுங்கி இருப்போம். அதுதான் எங்களுக்குக் கிடைத்த ஓய்வு. இப்போதைய பெண்கள் எல்லாவற்றையும் கலந்துவிட்டு டென்ஷன், டிப்ரஷன் என்கிறார்கள். எங்களுக்கு அதெல்லாம் வந்ததே இல்லை. பெரியவர்கள் மருத்துவக் காரணத்துக்காகத்தானே விலக்கிவைத்தார்கள்? (வாசகி, கும்பகோணம்)

பதில்: அம்மா, விடியற்காலையில் எழுந்து இரவு வரை அடுப்படியில் நின்ற உங்கள் தலைமுறைக்கு அந்த மூன்று நாள் எவ்வளவு பெரிய விடுதலையாக இருந்திருக்கும் என்பதை நான் அறிவேன். முதல் இரண்டு நாட்களில் ஓய்வு தேவை என்பதும் உண்மை. கருப்பையின் உட்படலம் உதிரும்போது புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் சுரந்து, கருப்பைத் தசையை இறுக்கிப் பிடிக்கிறது. அந்தப் பிடிப்புதான் வலி. வெந்நீர்ப் பையும், மருத்துவர் சொல்லும் வலி மாத்திரையும், முடிந்தால் படுக்கையும் அதற்கு நல்லவை.

ஆனால் விலக்கிவைத்தவர்கள் ஓய்வை எண்ணி விலக்கிவைத்தார்கள் என்பதற்குப் பழைய சான்று கிடைப்பது அரிது. புறநானூற்றின் 299-ஆம் பாட்டில் பொன்முடியார், பகை மன்னரின் குதிரைகள் போர்க்களத்தில் ஒடுங்கி நின்றதை, முருகன் கோட்டத்தில் 'கலந்தொடா மகளிர்' ஒதுங்கி நிற்பதற்கு ஒப்பிடுகிறார். மாதவிலக்கான பெண்கள் கோயில் பாத்திரங்களைத் தொடாமல் விலகி நின்ற வழக்கம் அவ்வளவு பழையது. அங்கே தெய்வத்தின் அணங்கை, அதாவது வருத்தும் ஆற்றலைப் பற்றிய அச்சம் தெரிகிறது; பெண்ணின் களைப்பைப் பற்றிய பேச்சு இல்லை. அச்சமும்கூட எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லை. ஒடிசாவில் ஆனி மாதத்தை ஒட்டி ரஜ பர்வம் என்று மூன்று நாள் கொண்டாடுகிறார்கள். பூமித்தாய்க்கு மாதவிடாய் என்று ஏர் பூட்டுவதை நிறுத்திவிட்டு, பெண்கள் புத்தாடை உடுத்தி ஊஞ்சல் ஆடுகிறார்கள். அஸ்ஸாமின் காமாக்கியாவில் தேவியின் மாதவிடாய் அம்புபாச்சி மேளா என்ற பெருந்திருவிழா. நம்முடைய மேல்மருவத்தூரில் மாதவிலக்கான பெண்களும் கருவறைக்குச் சென்று வழிபடலாம். உடம்பு எல்லா ஊரிலும் ஒன்றுதான். மருத்துவக் காரணம்தான் அடிப்படை என்றால் வழக்கம் இவ்வளவு மாறியிருக்காது.

சமையலறைக்குள் வராதே என்ற வீடுகளிலேயே, மாட்டுக்குத் தண்ணீர் காட்டுவதும் துணி துவைப்பதும் களை பறிக்கப் போவதும் அந்த மூன்று நாளில் நின்றதில்லை. மதுரை மாவட்டம் கூவலாபுரத்தில் ஊரை விட்டுத் தள்ளி 'முட்டுத்துறை' என்று பெண்களுக்காகத் தனி இடம் வைத்திருந்ததைப் பத்திரிகைகள் விரிவாக எழுதியுள்ளன. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த இரவில், பட்டுக்கோட்டை அருகே அணைக்காடு கிராமத்தில், பூப்பெய்தியதால் குடிசையில் தனியே படுக்கவைக்கப்பட்டிருந்த பன்னிரண்டு வயதுச் சிறுமி, தென்னை மரம் விழுந்து இறந்துபோனாள். நேபாளத்தில் சௌபடி என்ற இதே வழக்கத்தில் பாம்பு கடித்தும் புகை மூட்டத்தில் மூச்சுத் திணறியும் பெண்கள் இறந்ததால், 2017-இல் அங்கே அதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றினார்கள். அந்தச் சிறுமியின் செய்தியைப் படித்த நாளிலிருந்து, 'ஓய்வுக்காகத்தானே' என்ற சொல்லைக் கேட்டால் என்னால் தலையாட்டிக்கொண்டு இருக்க முடிவதில்லை அம்மா.

உங்கள் காலத்தில் இந்த மனத்தொல்லை இல்லை என்கிறீர்கள். அதில் ஒரு பகுதி உண்மையாகவே இருக்கலாம். ஆப்பிரிக்காவின் மாலி நாட்டில் டோகோன் இனப் பெண்களை பெவர்லி ஸ்ட்ராஸ்மன் என்ற மானிடவியலாளர் நெடுங்காலம் ஆராய்ந்தார். அடுத்தடுத்துக் கர்ப்பம், நீண்ட காலம் தாய்ப்பால் என்றே காலம் போவதால், அந்தப் பெண்களுக்கு வாழ்நாளில் ஏறத்தாழ நூறு முறைதான் மாதவிடாய் வருகிறது. ஒன்றிரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொள்ளும் இன்றைய நகரத்துப் பெண்ணுக்கு அது நானூறைத் தொடும். ஐந்தாறு பிள்ளைகளைப் பெற்று ஒவ்வொன்றுக்கும் ஆண்டுக்கணக்கில் பால் கொடுத்தவர்களுக்கு, மாதவிடாய்க்கு முந்தைய வாரம் என்பதே குறைவாகத்தான் வந்திருக்கும். மீதி நாட்களில் வந்த துன்பத்தைச் சொல்ல அன்று யாரும் இடம் கொடுக்கவில்லை. மீறி அழுத பெண்ணுக்குக் காற்று கருப்பு என்று மந்திரித்துக் கயிறு கட்டினார்கள். உங்கள் மருமகளுக்கோ பேத்திக்கோ நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. அந்த நாட்களில் அடுப்படியிலிருந்து விடுப்புக் கொடுங்கள், பாயையும் தட்டையும் பிரிக்காமல் கொடுங்கள்.

கேள்வி: அந்த நாட்களில் ஊறுகாய் ஜாடியைத் தொட்டால் கெட்டுப்போகும், துளசி பட்டுப்போகும் என்கிறார்கள். இதில் அறிவியல் உண்டா? (வாசகி, விருதுநகர்)

பதில்: இந்த நம்பிக்கை நம் ஊருக்கு மட்டும் உரியதன்று. முதலாம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் பிளினி, மாதவிலக்கான பெண் அருகில் வந்தால் திராட்சை மது புளித்துவிடும், பயிர் கருகும் என்றெல்லாம் எழுதிவைத்தார். அறிவியலும் ஒரு காலத்தில் இதை நம்பியது. தொண்டை அடைப்பான் நோய்க்கான சோதனையைக் கண்டறிந்த பேலா ஷிக் என்ற புகழ்பெற்ற மருத்துவர் வியன்னாவில் இருந்தார். அவர் தந்த ரோஜாப் பூக்களைப் பணிப்பெண் தண்ணீரில் வைக்க, மறுநாள் அவை வாடிக் கிடந்தன. தனக்கு மாதவிடாய் என்றும், அந்த நாட்களில் தொட்டால் பூ வாடிவிடும் என்றும் அந்தப் பெண்ணே சொன்னாள். அதை வைத்து அவர் 1920-இல், மாதவிலக்கான பெண்ணின் வியர்வையில் நஞ்சு இருப்பதாகக் கட்டுரை வெளியிட்டு, அதற்கு மெனோடாக்சின் என்று பெயரும் வைத்தார். அந்த நஞ்சைப் பிடித்துக் காட்ட எவராலும் முடியவில்லை. பேரறிஞர்கூட வளர்ந்த வீட்டின் நம்பிக்கையைத் தன்னோடு சோதனைக்கூடத்துக்குள் கொண்டுபோய்விட முடியும் என்பதை இளம் மருத்துவர்களுக்கு நான் அடிக்கடி சொல்வதுண்டு.

மாதவிடாயில் வெளியேறுவது ரத்தம், கருப்பையின் உட்படலத் திசு, சளி ஆகியவைதாம். ஒரு சுழற்சிக்கு 30 முதல் 40 மில்லிலிட்டர் என்பது சராசரி. 80 மில்லிலிட்டரைத் தாண்டினால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஊறுகாய் கெடுவதற்கு ஈரக் கரண்டி, குறைந்த உப்பு, மேலே எண்ணெய் நிற்காமை என்று காரணங்கள் இருக்கின்றன.

கேள்வி: விடுதியில் ஒரே அறையில் தங்கியிருக்கும் எங்கள் நால்வருக்கும் மாதவிடாய் ஒன்றாக வருகிறது. மனநிலையும் ஒன்றாக மாறுகிறது. இது உண்மையான நிகழ்வா? (மாணவி, திருச்சி)

பதில்: 1971-இல் மார்த்தா மெக்ளின்டாக் என்ற ஆய்வாளர், அமெரிக்கக் கல்லூரி விடுதி ஒன்றில் 135 பெண்களிடம் இதைப் பார்த்ததாக எழுதியதிலிருந்து இந்தக் கருத்து பரவியது. பின்னால் அவருடைய கணக்குமுறையில் பிழை காட்டப்பட்டது. சீனாவில் 186 மாணவிகளை ஓராண்டுக்கும் மேலாகக் கவனித்து 2006-இல் வெளியான ஆய்வில் அப்படி ஒத்திசைவு தெரியவில்லை. சுழற்சியின் நீளம் ஆளுக்கு ஆள் மாறுவதால் நாட்கள் சில மாதம் நெருங்கும், சில மாதம் விலகும். நெருங்கும் மாதங்கள்தாம் நினைவில் நிற்கின்றன. நால்வரின் மனநிலையும் ஒன்றாக மாறுவதற்குத் தேர்வு அட்டவணையே போதும்.

கேள்வி: எனது மகள் பெரியபிள்ளையாகி ஒரு வருடமாகிறது. பன்னிரண்டு வயது. முன்பு கலகலப்பாகத் திரிந்த பிள்ளை இப்போது எவரோடும் கதைப்பதில்லை, எதற்கெடுத்தாலும் கோபிக்கிறாள். மாதவிடாய் வந்ததால் குணம் மாறிவிட்டதா? (தாயார் ஒருவர், யாழ்ப்பாணம்)

பதில்: அன்புச் சகோதரி, முதல் ஓரிரு ஆண்டுகளில் பல சுழற்சிகளில் கருமுட்டை வெளியேறுவதே இல்லை. அதனால்தான் இடைவெளி 21 நாள், 45 நாள் என்று தாறுமாறாக இருக்கிறது. கருமுட்டை வெளியேறாத மாதத்தில் புரோஜெஸ்டிரானின் ஏற்ற இறக்கமும் இருக்காது. ஆகவே மகளின் மாற்றம் முழுவதையும் மாதச் சுழற்சியின் மேல் போட முடியாது. வளரிளம் பருவத்தில் மூளையும் வேகமாக மாறுகிறது. தனிமையை நாடுவதும் சட்டென்று கோபிப்பதும் ஆண்பிள்ளைகளிடமும் உண்டு.

இந்த ஓராண்டில் வீடு அவளிடம் எப்படி மாறியது என்பதையும் எண்ணிப் பாருங்கள். சாமத்தியவீட்டில், அதாவது பூப்பு நீராட்டு விழாவில், மண்டபம் நிறைந்த உறவினர் முன்னால், தன் உடம்பில் நடந்த ஒன்றுக்காக அலங்கரித்து உட்காரவைக்கப்பட்டபோது அவளுக்கு எப்படி இருந்தது என்று கேட்டீர்களா? சில பிள்ளைகள் அதை மகிழ்ந்து அனுபவிக்கிறார்கள், சிலர் கூசிப்போகிறார்கள். அதன்பின் சைக்கிள் ஓட்டுவது, மைதானத்துக்குப் போவது, மச்சான்மாரோடு விளையாடுவது நின்றுவிட்டதா? முன்பு மடியில் படுத்த தகப்பனிடமிருந்து அவளை விலகச் சொன்னார்களா? இப்படிப் பலவற்றை ஒரே மாதத்தில் இழந்த பிள்ளை கலகலப்பாக இருந்தால்தான் நான் வியப்பேன். கோவை மாவட்டத்தில் 2025 ஏப்ரலில், பூப்பெய்திய எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளியில் வகுப்பறைக்கு வெளியே படியில் உட்கார்ந்து தேர்வெழுத வைக்கப்பட்டாள். அந்தக் காணொளியைப் பார்த்தபோது, அன்று அவள் மனம் எப்படி இருந்தது என்று எந்த ஹார்மோன் பரிசோதனையும் சொல்லாது என்று தோன்றியது.

பெரியபிள்ளையானதும் கொடுக்கும் உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் நல்ல உணவுதான், தொடர்ந்து கொடுங்கள். முட்டையை மட்டும் பச்சையாகக் கொடுக்காமல் அவித்துக் கொடுங்கள். நிறுத்திய விளையாட்டை மறுபடி தொடங்கவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் விடாத சோகம், சாப்பாட்டை வெறுத்தல், மாதந்தோறும் பள்ளிக்கூடம் போகாமல் இருத்தல், ஏழு நாளுக்கு மேல் ரத்தப்போக்கு ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

கேள்வி: அலுவலகத்தில் சரக்குக் கணக்கில் ஒரு தவறைச் சுட்டிக்காட்டினேன். மேலதிகாரி சிரித்துக்கொண்டே, 'இன்றைக்கு உங்களுக்கு அந்த நாளா?' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். பெண்களின் வேலைத்திறன் அந்த நாட்களில் குறையுமா? மாதவிடாய் விடுப்புக் கேட்பது நமக்கே எதிராகத் திரும்பாதா? (வாசகி, சென்னை)

பதில்: வேலைத்திறனைப் பற்றிய கேள்விக்கு நூறாண்டுக்கு முன்பே விடை தேடத் தொடங்கிவிட்டார்கள். லீட்டா ஹாலிங்வொர்த் என்ற உளவியலாளர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 1914-இல் வெளியிட்ட ஆய்வில், பெண்களையும் சில ஆண்களையும் தட்டச்சு, கைவேகம் போன்றவற்றில் தொடர்ந்து சோதித்து, மாதவிடாய் நாட்களில் திறன் குறையவில்லை என்று காட்டினார். 2025-இல் நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும், சிந்தனைத் திறனில் சுழற்சியை ஒட்டிய உறுதியான மாற்றம் எதையும் காணவில்லை. வலியோடு வேலை செய்வது கடினம் என்பது வேறு. கூட்டல் கழித்தல் தவறாகிவிடும் என்பது வேறு.

உங்கள் இரண்டாவது அச்சம் நியாயமானது. மாதவிடாய்க்கு முந்தைய மனநிலை என்ற வாதம் இரு பக்கமும் வெட்டும். 1981-இல் நடந்த ஒரு கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட பெண்ணை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் இந்தக் காரணத்தை ஏற்று 2018-இல் விடுவித்தது. ஒரு பெண்ணுக்கு அது நீதியாக இருக்கலாம். ஆனால் அதையே பொதுவாக்கி, பெண்கள் மாதந்தோறும் தம் செயலுக்குப் பொறுப்பற்றவர்களாகிறார்கள் என்று எவரேனும் பேசத் தொடங்கினால், உங்கள் மேலதிகாரியின் சிரிப்புக்குச் சட்டத்தின் துணையும் கிடைத்துவிடும். 2024-இல் மாதவிடாய் விடுப்பு பற்றிய மனுவை விசாரித்த உச்ச நீதிமன்றமும், கட்டாயமாக்கினால் பெண்களை வேலைக்கு எடுக்கத் தயங்குவார்களோ என்ற கவலையை வெளியிட்டது. இருந்தாலும் நான் விடுப்பின் பக்கம்தான் நிற்கிறேன். பீகார் அரசு 1992 முதல் தன் பெண் ஊழியர்களுக்கு மாதம் இரண்டு நாள் கொடுத்துவருகிறது. கர்நாடகம் 2025-இல் மாதம் ஒரு நாள் சம்பளத்துடன் விடுப்பு என்று முடிவெடுத்தது. கால் உடைந்தவருக்கு விடுப்புக் கொடுப்பதால் அவர் கணக்கு எழுதத் தெரியாதவர் என்று யாரும் முடிவுகட்டுவதில்லை. வலிக்குக் கேட்கிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிக் கேட்க வேண்டும். மனம் நிலையில்லை என்று சொல்லிக் கேட்க வேண்டாம்.

இனி உங்கள் மேலதிகாரி. நீங்கள் சுட்டிக்காட்டிய தவறு சரக்குக் கணக்கில் இன்னும் இருக்கிறதா? இருந்தால் எந்தத் தேதி, எந்தப் பதிவு, எவ்வளவு வேறுபாடு என்று எண்களோடு மின்னஞ்சலில் அனுப்பி, அவருக்கு மேலுள்ளவருக்கும் ஒரு நகல் வையுங்கள். அன்று அவர் கேட்ட கேள்வியையும் தேதியோடு தனியே எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில் 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும். அந்தப் பேச்சு மறுபடியும் வந்தால் அங்கே எழுத்தில் கொடுங்கள். அன்று சிரித்தவர்களில் ஒருவராவது சாட்சி சொல்ல முன்வருகிறாரா என்று இப்போதே கேட்டுவையுங்கள்.